அத்தையின் படத்தில் நான் அழித்தது

நம் பள்ளிக்கூடக் குரூப்பில் ஒருத்தி விடிந்ததும் பூப்படம் போட்டு 'இனிய காலை வணக்கம்' சொல்கிறாளே, அவளை நான் திட்டப் போவதில்லை. திட்டினால் நாளைக்கு இரண்டாகப் போடுவாள். ஆனால் நேற்று அவள் போட்ட செம்பருத்தியைப் பார்த்தீர்களா? அப்படி ஒரு சிவப்பு ஆண்டவர் படைத்த எந்தச் செம்பருத்தியிலும் கிடையாது. விரலால் இரண்டு இழுப்பு இழுத்து நிறத்தைக் கூட்டியிருக்கிறாள். முப்பது தாண்டிய பிறகு ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேடுகிறவள்தான் நானும். இதைக் கண்டுபிடிக்க மட்டும் எனக்குக் கண்ணாடி வேண்டாம். ஏனென்றால் நம்மில் இந்த வேலையை முதலில் செய்தவள் நான். நாம் எட்டாம் வகுப்பு படித்த வருஷம் அது.

அந்த வருஷத்து மழைக்காலத்தைப் பற்றி உங்களில் யாரிடமும் நான் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்பா கல்ஃபில் இருந்தார். மழை தொடங்கின சமயத்தில் லீவுக்கு வந்த அவருடைய கூட்டாளி ஒருவர் கையில் எனக்கு ஒரு டிஜிட்டல் கேமரா கொடுத்தனுப்பினார். வெள்ளி நிறம். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. கையில் மாட்ட ஒரு கறுப்பு நாடா, ஒரு சார்ஜர், ஒரு சி.டி. செண்ட் குப்பியும் தைலமும் இருந்த பெட்டிக்குள்ளேயே வந்ததால் ஒரு மாசத்துக்குக் கேமராவில் செண்ட் வாசம் அடித்தது. மூக்குப் பக்கத்தில் கொண்டு போகும்போதெல்லாம் லீவுக்கு வந்து இறங்கும் அப்பாவின் சட்டை ஞாபகம் வரும்.

"வீட்டயும் அம்மயயும் அத்தயயும் எடுத்து அனுப்பு மக்கா" என்று அப்பா போனில் சொன்னார். அது நடக்கிற காரியமா? அம்மாவுக்குக் கேமராவைக் கண்டாலே கழுத்து விறைத்துவிடும். அதோடு அவள் கவலை வேறு.

"சும்மா சும்மா அமுக்காதட்டி. ஃபிலிம் தீந்து போவும்."

"இதுல ஃபிலிமே கெடயாதும்மா."

"ஃபிலிம் இல்லாம படம் எங்கட்டி போயி ஒட்டும்?"

இந்தக் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியாது. ஆகவே வீட்டுக்குப் பின்னால் இருந்த ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். பூக்கள் கழுத்தை விறைக்காது, ஃபிலிமைப் பற்றிக் கேட்காது.

அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டம் உங்களுக்குத் தெரியும். மேலே பார்த்தால் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி பால் சிரட்டை. கீழே குனிந்தால்தான் விசேஷம். மழை பெய்து நான்கு நாளில் வரப்பெல்லாம் தொட்டால் சுருங்கும் தொட்டாவாடி இளஞ்சிவப்பு உருண்டையாகப் பூத்திருக்கும். அதன் காலடியில் முக்குற்றி, மூக்குத்திக் கல் அளவுக்கு மஞ்சளாக. ஓடைக் கரையில் கிருஷ்ணகிரீடம் அடுக்கடுக்காக ஆள் உயரத்துக்கு நிற்கும். தும்பை, அரிப்பூ, வேலியில் ஏறின மேந்தோன்னி. அம்மாவைப் பொறுத்தவரை இதெல்லாம் காடு. ஆள் கூலிக்கு விட்டு வெட்டித் தள்ள வேண்டிய காடு.

இந்தக் காட்டில் எனக்குத் துணை அத்தை. அப்பாவின் தங்கை. இருபத்தொன்பது வயசு, எங்களோடுதான் இருந்தாள். நர்சரிப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். அவளுக்கு இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரைக்கும் கருநீலமாக ஒரு மறு. பிறவியிலேயே உள்ளது. நாவல் பழம் தின்ற கையால் யாரோ தடவிவிட்டது போல இருக்கும். ரோட்டில் நடக்கும்போது மழையானாலும் வெயிலானாலும் கறுப்புக் குடையை இடது பக்கம் சாய்த்தே பிடிப்பாள். பஸ்ஸில் இடது ஜன்னலோரம்தான் உட்காருவாள். வேதக்கோயிலில் சுவரோர பெஞ்சு. நான் பிறந்த நாளிலிருந்து பார்க்கிறேன், எனக்கு அது மூக்கு மாதிரி, காது மாதிரி. அது ஒரு குறை என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தோட்டத்துக்கு வரும்போது மட்டும் அவள் குடையைச் சாய்க்க மாட்டாள். குடை எனக்கு வேண்டும். முக்குற்றி மாதிரிச் சின்னப் பூவைப் பின்னால் இருக்கிற சருகும் மண்ணும் விழுங்கிவிடும். ஒருநாள் அத்தை விளையாட்டாகக் குடையை விரித்துப் பூவுக்குப் பின்னால் பிடித்தாள். கறுப்புத் துணிக்கு முன்னால் அந்த மஞ்சள் பொட்டு எழுந்து நின்றதே, பார்க்கணும்! அதன் பிறகு சனிக்கிழமைதோறும் இதுதான் எங்கள் வேலை. நான் ஈர மண்ணில் குப்புறப் படுத்திருப்பேன். அத்தை குடையைப் பிடித்துக்கொண்டு, மறுவெல்லாம் வெளியே தெரிய, எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பாள்.

"வேகம் எடுட்டி. எனக்க கால்ல அட்ட ஏறுகு."

"காத்து அடங்கட்டும் அத்தை."

"காத்து அடங்கும், அட்ட அடங்குமா?"

வீட்டுக்கு வந்து உப்புப் போட்டு அட்டையை உதிர்த்துவிட்டு, படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். அம்மா பூத்தையல் போட்ட துணியால் மூடி வைத்திருந்த கம்ப்யூட்டர். கேமராவோடு வந்த சி.டி.யில் படத்தைத் திருத்துகிற சாப்ட்வேர் இருந்தது. மூலைகளை வெட்டலாம், வெளிச்சத்தைக் கூட்டலாம், நிறத்தைக் கூட்டலாம். முதலில் அவ்வளவுதான் செய்தேன். மழை மூடின வெளிச்சத்தில் மங்கிப்போன பூவை, கண்ணால் பார்த்தபடி கொண்டுவர ஒரு நூல் கூட்டுவேன். கரண்டு போவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் அதிகம் செய்யவும் முடியாது.

அதில் புள்ளி அழிக்கிற தூரிகை ஒன்றும் இருந்தது. ஒரு இடத்தின் நிறத்தை எடுத்து இன்னொரு இடத்தில் பூசும். அதைக் கண்டுபிடித்த அன்று தும்பையில் உட்கார்ந்திருந்த எறும்பை அழித்தேன். அடுத்த நாள் மேந்தோன்னி இதழில் புழு தின்ற ஓட்டையை அடைத்தேன். காய்ந்த நுனி, மழைத்துளி, சிலந்தி நூல், எதையும் விடவில்லை. காட்டு வெண்டைப் பூவின் நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு கண் இருக்குமே, அது அழுக்கு மாதிரி இருந்தது என்று ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அதையும் மஞ்சளாக்கிவிட்டேன். அத்தை பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இதென்னட்டி பூ? பப்படத்துக்குக் காம்பு வச்ச மாதிரி இருக்கு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு மணி நேரம் அவளோடு பேசவில்லை.

அருமனை ஜங்ஷனில் இருந்த பிரவுசிங் சென்டரிலிருந்து அப்பாவுக்கு மெயிலில் அனுப்பினேன். அப்பா போனில், "பூ எல்லாம் கொள்ளாம் மக்கா, நல்ல அழகு. நம்ம தோட்டத்துல இத்தன நெறத்துக்குப் பூ உண்டா? நான் பாத்ததே இல்லியே" என்றார். அவர் மேல் தப்பில்லை. அவ்வளவு நிறத்துக்கு அங்கே பூ கிடையாது.

ஆவணி பிறந்து மழை கொஞ்சம் ஒதுங்கின நேரம். சபை உபதேசியார் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். இரணியல் பக்கம், நல்ல குடும்பம், மாப்பிள்ளை கல்ஃபில் ஏசி மெக்கானிக். பெண்ணுடைய படம் ஒன்று மெயிலில் போனால் போதும், மாப்பிள்ளைக்குப் பிடித்தால் அவனுடைய அம்மாவும் அக்காவும் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், டிசம்பர் லீவில் கல்யாணம் என்றார்.

இதற்கு முன் வந்த சம்பந்தங்களை நான் எண்ணவில்லை. அம்மா எண்ணியிருப்பாள். எல்லாம் படத்தோடு நின்றன. படத்தை வாங்கிப் பார்ப்பார்கள், பிறகு பதில் வராது. ஒருத்தர்கூட வீட்டுப் படி ஏறினதில்லை.

அம்மா என்னைக் கேமராவோடு கூப்பிட்டாள். அத்தைக்குப் பட்டுச்சேலை கட்டிக் கிணற்றடியில் நிறுத்தி, "வலது கன்னம் மட்டும் தெரியமாட்டு திரும்பி நில்லு பிள்ளே" என்றாள். அத்தை திரும்பி நின்றாள். அம்மாவைப் போலவே கழுத்து விறைத்தது. நாலு படம் எடுத்தேன், நாலும் ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி. அடுப்பில் பால் பொங்குகிறது என்று அம்மா உள்ளே ஓடினாள். அப்போது நான், "அத்தை, எனக்குன்னு ஒரு படம். நேரா பாருங்க" என்றேன். அவள் நேராகப் பார்த்தாள். தோட்டத்தில் அட்டைக்குச் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தாள். அது எனக்கு என்று அவள் தந்த படம்.

கம்ப்யூட்டரில் பார்த்த அம்மா மற்ற நாலையும் தள்ளிவிட்டு அதன் முன்னால் நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து என் தோளில் கை வைத்து, "மக்கா, பூவுல உள்ள புள்ளியெல்லாம் அழிக்கியே. இத அழிக்க முடியுமா?" என்று கேட்டாள்.

முடியுமா என்று கேட்டால் எனக்கு முடியாது என்று சொல்ல வராது. இன்றைக்கும் வராது, அந்தச் சனியன் பிடித்த குணம். இரண்டு மத்தியானம் உட்கார்ந்தேன். நெற்றியிலிருந்து நிறம் எடுத்துக் கன்னத்தில் பூசினேன், வலது கன்னத்திலிருந்து எடுத்துத் தாடையில் பூசினேன். முடித்தபோது படத்தில் ஒரு அழகான பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அத்தைட்ட சொல்லாண்டாம், என்னா?" என்றாள். நான் அதைப் பரிசுப் பொருளை ஒளித்து வைப்பது போல எடுத்துக்கொண்டேன். கல்யாணத்தன்று காட்டலாம் என்று நினைத்தேன். உபதேசியார் வந்து படத்தைப் பார்த்தார். அத்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளிலிருந்து அவளைத் தெரிந்தவர் அவர். "கொள்ளாம்" என்று மட்டும் சொன்னார்.

ஒரே வாரத்தில் பதில் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது. அத்தைக்கு ஆச்சரியம். வலது கன்னம் மட்டும் தெரிகிற படத்தைத்தான் அனுப்பினோம் என்று அவள் நம்பியிருந்தாள். ஆனாலும் ஊர்க்காரர் உபதேசியார் மறுவைப் பற்றிச் சொல்லாமலா இருந்திருப்பார்! எல்லாம் தெரிந்துதான் சரி என்று சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். அந்த வாரம் அவள் குடையைச் சாய்க்காமல் ரோட்டில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அவர்கள் வந்த அன்று அம்மா விடிய எழுந்து முந்திரிக்கொத்து சுட்டாள். உபதேசியார் முன்னால் வர, பின்னால் மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும். முன்னறையில் உட்கார்ந்து உபதேசியார் ஜெபம் பண்ணினார். ஜெபம் முடியவும் அத்தை சாயாத் தட்டோடு வந்தாள். பவுடர்கூட அதிகம் போடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஒரு கிளாசை எடுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

"பெண்ணுக்க அக்காவா மக்களே நீ? சாயா பெறவு குடிச்சிலாம். பெண்ணக் கூட்டிட்டு வா, பாக்கட்டு."

அத்தை தட்டோடு அங்கேயே நின்றாள். மாப்பிள்ளையின் அக்கா ஒன்றும் புரியாமல் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். தம்பி அனுப்பின மெயிலை பிரிண்ட் எடுத்திருந்தாள். "இந்தப் பிள்ள" என்று நீட்டினாள். அத்தை ஒரு கையில் தட்டைப் பிடித்தபடி மற்ற கையால் அதை வாங்கினாள்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். நீயுமா என்பது போலப் பார்த்தாள். தோட்டத்தில் எத்தனை சனிக்கிழமை என் எதிரே அந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்! அதில் அழிக்க ஒன்று இருக்கிறது என்று நானும் நினைத்திருக்கிறேன் என்பதை அந்தத் தாளில்தான் தெரிந்துகொண்டாள்.

"நான்தான் இது" என்றாள் வந்தவர்களிடம்.

மாப்பிள்ளையின் அம்மா கிளாசைக் கீழே வைத்தார். அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். "ஐயோ, அது... இந்தப் பிள்ள செஞ்ச வேலயாக்கும். எப்பவும் கம்ப்யூட்டர்ல பூவுக்க படத்த எடுத்து வச்சி அழிச்சிட்டும் வரஞ்சிட்டும் இருப்பா. அத்தைக்க படத்தயும் வெளயாட்டுக்கு என்னமோ செஞ்சிட்டா. நாங்க கவனிக்காம அனுப்பிட்டோம்."

எல்லார் கண்ணும் என் மேல் விழுந்தது. என் அம்மா, என் சொந்த அம்மா, என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வேலை செய்தது. மாப்பிள்ளையின் அம்மா மூச்சை விட்டார். "பிள்ளையளுக்கு இப்ப எல்லாம் வெளயாட்டு" என்று சிரித்தார். "எனக்க நரையையும் அழிச்சித் தருவியா மக்களே?" அக்காவும் சிரித்தாள். அத்தையைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாய், சின்னப் பிள்ளைகள் அடங்குமா என்றெல்லாம் கேட்டார்கள். அத்தை பதில் சொன்னாள். அவள் பேசினால் யாருக்குத்தான் பிடிக்காது! கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "மறு ஒரு காரியமா? எனக்க மவனுக்கு முன்வழுக்க உண்டு, அத நாங்க சொன்னமா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். எனக்கு அழுகையும் வந்தது.

காரியம் கூடிவிட்டது என்று உபதேசியாருக்குத் தெரிந்துவிட்டது. எதையும் முறையாக முடிக்கிற மனுஷர். என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். "செஞ்சது தப்பில்லியா மக்கா? மாமிட்ட மன்னிப்புக் கேளு. பெறவு ஜெபம் பண்ணிக் காரியத்தப் பேசுவோம்."

அம்மா இப்போது என்னைப் பார்த்தாள். கேட்டுவிடு மக்கா என்று கண்ணாலேயே கெஞ்சினாள். நான் வாயைத் திறந்தேன். கேட்கத்தான் போனேன்.

"அவ கேக்காண்டாம்" என்றாள் அத்தை.

மாப்பிள்ளையின் அம்மாவுடைய மடியிலிருந்து அத்தை தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அவ வெளயாட்டுக்குச் செய்யல்ல. செய்யச் சொல்லித்தான் செஞ்சா. அனுப்பினது நாங்க, பெரியவங்க. மன்னிப்புக் கேக்கணும்னா நாங்க கேக்கணும்."

மாப்பிள்ளையின் அம்மா அத்தையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் உபதேசியாரைப் பார்த்தார். அவர் வேதபுத்தகத்தின் உறையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மறுவுக்காகப் பெண்ண வேண்டாம்னு சொல்லுகவ நானில்ல" என்று எழுந்தார் அந்த அம்மா. "ஒரு பொய்ய மறைக்கதுக்கு ரெண்டாவது பொய்யும் சொன்னியளே. அதுவும் பச்சப்பிள்ள தலையில வச்சி. இந்த வீட்டுல எப்பிடி நான் பெண்ணெடுக்க?" வாசலில் செருப்பைப் போடும்போது நின்று அத்தையின் கன்னத்தை, அந்த இடது கன்னத்தைத்தான், ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார். உபதேசியார் குடையை விரித்தும் விரிக்காமலும் பின்னால் ஓடினார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "கூடி வந்த காரியத்தக் கெடுத்திட்டியேட்டி, சவமே! ஒரு வார்த்த மிண்டாம இருந்தா ஒனக்கு என்ன?"

"பிள்ளையக் கள்ளியாக்கிட்டு எனக்குக் கல்யாணம் வேண்டாம் மைனி" என்றாள் அத்தை. கிளாஸ்களை எடுத்துத் தட்டில் அடுக்கினாள்.

என் அம்மாவை நீங்கள் வில்லியாக்க வேண்டாம். எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் அவள் கணக்கு எனக்குப் புரிந்தது. ஒரே ஒரு தடவை யாராவது படியேறி வந்து அத்தையோடு பத்து நிமிஷம் பேசிவிட்டால் போதும், அவளைப் பிடிக்காமல் போகாது என்று நினைத்திருக்கிறாள். அதில் அவள் தோற்கவில்லை, பிடிக்கத்தான் செய்தது. வர வைக்க எடுத்த வழிதான் தப்பு. என்னைக் காட்டிக் கொடுத்ததற்கு அன்று ராத்திரி எனக்கு மட்டும் முட்டை பொரித்து வைத்தாள். அவளுக்குத் தெரிந்த மன்னிப்பு அது.

அடுத்த சனிக்கிழமை அத்தை குடையோடு வந்து, "வாறியா?" என்று கேட்டாள். படிக்க உண்டு என்றேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மூன்று சனிக்கிழமை கேட்டாள், பிறகு கேட்கவில்லை. கேமராவைப் பீரோவில் வைத்துவிட்டேன். சில வருஷம் கழித்து எடுத்தபோது பேட்டரி உப்பி மூடியைத் தள்ளியிருந்தது. கம்ப்யூட்டரையும் பழைய சாமான்காரன் கொண்டுபோனான். அந்தப் பூக்களில் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை.

அத்தைக்குப் பிறகு கல்யாணம் ஆகவில்லை. அதே பள்ளியில் இப்போது ஹெட்மிஸ்ட்ரஸ். பாவம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள், அவள் காதில் விழுந்தால் நீங்கள்தான் பாவம். ஆனால் நான் இத்தனை வருஷமும் அந்தப் பாவத்தைச் சுமந்தேன். என் கல்யாணத்தன்று மேடையில் அவள் என் தலையில் கை வைத்தபோதுகூட, நான் அந்தத் தூரிகையைத் தொடாமல் இருந்திருந்தால் இவளுக்கும் ஒரு மேடை கிடைத்திருக்குமே என்றுதான் நினைத்தேன்.

போன மே மாசம் ஊருக்குப் போனபோது பின்வாசலில் உட்கார்ந்து அத்தையும் நானும் பலாச்சக்கை அரிந்துகொண்டிருந்தோம். பிள்ளைகள் தோட்டத்தில் கத்திக்கொண்டிருந்தன. என்ன நினைத்தேனோ, கேட்டுவிட்டேன்.

"அத்தை, அந்த இரணியல் சம்பந்தம். அது என்னாலதான முடங்கிச்சு?"

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கேலி செய்கிறேனா என்று முதலில் பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"உன்னாலயா? ஏட்டி, அந்தக் கல்யாணம் முடிஞ்ச கல்யாணம். எனக்க கைய அவங்க மடியில வச்சாச்சு. வாய மூடிட்டு இருந்தா டிசம்பர்ல நான் மணவாட்டி. எழும்பினது ஆரு? பேசினது ஆரு? நானாக்கும் அத முடக்கினேன். அந்தக் கல்யாணம் எனக்கு எவ்வளவு வேணும்னு தெரிஞ்சிதான் முடக்கினேன். அத நீ இத்தன வருஷமா உனக்க பேர்ல எழுதி வச்சிட்டு நடக்கியா?"

நான் கையிலிருந்த சுளையைக் கீழே வைத்தேன்.

"எனக்க காரியமாக்கும் அது. திருப்பித் தா இங்க" என்று சக்கைப் பால் ஒட்டின கையை என் முன்னால் நீட்டினாள்.